தூயது என்ற முத்திரை

இணுவிலில் வாகீசன் வீட்டு முன்னறையில் காலை வெயில் மடிக்கணினித் திரையை வெளிறச் செய்கிறது. அவனோடு வேலை செய்யும் லவீனா இன்றுதான் முதன்முறையாக இங்கே வந்திருக்கிறாள். கிளினிக் ஒன்றுக்கு அவர்கள் எழுதிய புரோகிராமில் இரண்டு நோயாளிகளுக்கு ஒரே வரிசை இலக்கம் விழுகிறது. இலக்கம் கொடுக்கும் ஃபங்ஷனின் தலையில் வாகீசன் ‘தூயது’ என்று எழுதி வைத்திருக்கிறான்; வெளியே எதையும் தொடாது, எப்போது கூப்பிட்டாலும் ஒரே விடைதான் தரும் என்று அதற்குப் பொருள். அதை நம்பி, புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், இரண்டாம் முறை அதைக் கூப்பிடாமல் முதல் விடையையே திருப்பிக் கொடுக்கிறது. “நான் ஃபங்ஷனுக்கு வரிசைப் பதிவின்ரை நகலைத்தானே குடுத்தனான். மூலத்திலை எப்பிடிக் கை படும்?” என்கிறான். “நகலுக்குள்ளை இருக்கிறது விலாசம், அண்ணை,” என்கிறாள் லவீனா. “ விலாசத்தை எத்தினை படி எடுத்தாலும் போய்ச் சேருறது அதே வீடுதான். அங்கை போய் எண்ணிக்கையைக் கூட்டிப்போட்டு வருது.”

லவீனா வந்தபோது “எவ்விடம் பிள்ளை?” என்று வாசலில் கேட்டு, “குருநகர்” என்று மீனவர் கரையூரின் பெயரைப் பதிலாக வாங்கிக்கொண்டு உள்ளே போன அவன் தாய் குணலட்சுமி தேத்தண்ணி கொண்டுவருகிறாள். மகனுக்கு வீட்டில் புழங்கும் பித்தளைப் பேணி. லவீனாவுக்குக் குடித்துவிட்டு எறியும் கடதாசிக் கோப்பை. அதன் சூடு விரலைச் சுடுகிறது. “உந்தக் கம்பைலர் உள்ளுக்கை எட்டிப் பாக்காதோ?” என்கிறான் வாகீசன். “பாக்காது, அண்ணை. மேலை எழுதியிருக்கிறதைத்தான் நம்பும்.” லவீனா கோப்பையை அவன் பேணியோடு முட்டும்படி வைக்கிறாள். திரையிலிருந்து கண்ணெடுக்காமலே வாகீசன் தன் பேணியைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறான்.