நாலு லட்சம் பெயர்கள்

அழிக்கும் கட்டளையை அடித்துவிட்டாள். என்டர் மட்டும் தட்டவில்லை.

அவள் கவனித்துக்கொள்ளும் சர்வரின் நினைவகம் தொண்ணூற்றெட்டு சதவீதம் நிரம்பியிருந்தது. நூறைத் தொட்டால் படுத்துவிடும். மதியம் தாண்டாது.

காசநோயைத் தேடி மலையூர்களுக்குப் போகும் பன்னிரண்டு வண்டிகள். அவை எடுக்கும் எக்ஸ்ரே படங்கள் எங்கெங்கோ சேமிப்பில் கிடக்கின்றன. யாருடைய படம் எங்கே என்பது இந்த ஒரு சர்வருக்குத்தான் தெரியும். ஒன்றரைக் கோடிப் பெயர்கள். படம் பெரிதோ சிறிதோ, பெயர் அடைக்கும் இடம் ஒன்றுதான்.

"அந்த நாலு லட்சம் காலி ஃபைலைத் தூக்கிடும்மா. உள்ள ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிவிட்டு மேலாளர் குணசீலன் டீ குடிக்கப் போயிருந்தார். எந்தச் சிக்கலையும் டீக்கு முன்பே தீர்த்துவிடுகிற மனிதர்.

அளவு பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.

ஆனால் ஒவ்வொரு ஃபைலின் தலைப்பிலும் ஓர் ஆளின் முழுப் பெயர், வயது, ஊர். தவறிப் பிறந்த ஃபைலுக்கு யார் இவ்வளவு பொறுப்பாகப் பெயர் வைப்பார்கள்?

சித்தேரி வண்டியில் படம் எடுக்கும் மாதையனுக்குப் போன் போட்டாள்.

"அதுங்களா மேடம்? பேரைக் குடுத்துட்டு, மிஷினைப் பாத்ததும் பயந்து ஓடிடுவாங்க. படம் இல்லாட்டியும் பேரையாவது போட்டு வைப்போம். ஆபீஸ்ல பாத்து, தேடிப் புடிக்கச் சொல்லுவீங்கன்னு."

ஆபீஸில் யாரும் பார்த்ததில்லை. அவளும்தான்.

வெட்கமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது.

கட்டளையை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

வேறு வழி அவளிடம் இருந்தது. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் மாவட்டம், வண்டி, நிறுவனம் எல்லாம் முழுசாக எழுதப்பட்டிருந்தன. ஒன்றரைக் கோடி தடவை, அதே வரிகள். ஒரே ஒரு தடவை எழுதிவிட்டு மற்ற இடங்களில் அதற்கான எண்ணைப் போட்டால் போதும், இடம் மிச்சமாகும். சர்வரின் நகல் ஒன்றில் ஏற்கெனவே ஓட்டிப் பார்த்துவிட்டாள். குணசீலன்தான் இரண்டு வாரமாகக் கை வைக்க விடவில்லை.

சர்வரை நிறுத்த வேண்டும். அது திரும்ப எழாவிட்டால் பன்னிரண்டு வண்டிகளின் முன்னால் நிற்கும் வரிசைகளும் கலைந்துவிடும். மலைப்பாதையில் நடந்து வந்தவர்கள் இன்னொரு நாள் வரமாட்டார்கள்.

எல்லா வண்டிகளுக்கும் சொன்னாள். "கால் மணி நேரம். யாரையும் அனுப்பிடாதீங்க."

நிறுத்தினாள்.

குணசீலன் திரும்பி வந்து பின்னால் நின்றார்.

பதினான்காவது நிமிடம் சர்வர் எழுந்தது. நினைவகம் எத்தனை சதவீதம் என்று பார்த்தாள்.

அறுபத்தொன்று.

"காலி ஃபைலெல்லாம்?"

"அப்படியே இருக்கு சார். ஊர் வாரியா பிரிச்சு வண்டிகளுக்கு அனுப்பியாச்சு."

மூன்று மணிக்குச் சித்தேரியிலிருந்து ஒரு படம் ஏறியது. வேடியம்மாள். ஏழு வருடத்துக்கு முன்னால் பெயரைக் கொடுத்துவிட்டு ஓடியவள்.

பூஜ்யம் எட்டு மெகாபைட் ஆனது.

அறுபத்தொன்று ஏறவில்லை. வேடியம்மாளுக்கு உரிய இடம் ஏழு வருடமாக அங்கேயே இருந்தது.

படத்தை மருத்துவருக்கு அனுப்பினாள். பட்டியலில் அடுத்த பெயருக்கு எதிரே இன்னும் பூஜ்யம்தான். வயது ஆறு என்று போட்டிருந்தது.