இரண்டாவது கோடு

ஒரு கோடு விழுந்துவிட்டது. இன்னொன்று விழக்கூடாது.

மேசை மேல் கிடந்த வெள்ளைக் குச்சியை விட்டு விஜயலெட்சுமி கண்ணை எடுக்கவில்லை. தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியின் கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"மொறச்சுப் பாத்தா கோடு பயந்து ஓடிருமா? ஒக்காருங்க, அஞ்சு நிமிசம் ஆகும்" என்றாள் மருத்துவ மாது ஸல்மா.

அவள் உட்காரவில்லை.

சுவரோரத்து மர வாங்கில் மகள் கம்சலா தன் செருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பதினேழு வயது. தகப்பனைப் பறிகொடுத்த ஒரே பிள்ளை.

நாலு மாதம்.

அதை மகள் சொல்லவில்லை. சாமி விளக்குதான் காட்டிக்கொடுத்தது. தீட்டு நாட்களில் கம்சலா விளக்கைத் தொடமாட்டாள். அந்த நாட்களில் மட்டும் தாய் ஏற்றுவாள். போன வெள்ளிக்கிழமை மகள் திரி போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், தான் கடைசியாக விளக்கேற்றியது தீபாவளிக்கு முன்னால் என்று அவளுக்கு உறைத்தது.

கை ஓயும்வரை அடித்தாள். "யாருடி அவன்?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள்.

யாருமில்லை என்று ஒரு தடவை சொன்ன கம்சலா, அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

பப்பாசிக்காயைச் சீவிக் கொடுத்தாள். எள்ளையும் கருப்பட்டியையும் இடித்து உருட்டிக் கொடுத்தாள். மூன்று நாள். எதற்கென்று மகள் கேட்கவில்லை. முகம் சுளிக்கவில்லை. தட்டில் ஒட்டியிருந்ததைக்கூட விரலால் வழித்துத் தின்றாள்.

நெஞ்சில் குற்றம் இருப்பவள்தான் இப்படித் தின்பாள் என்று விஜயலெட்சுமி முடிவு செய்துகொண்டாள்.

ஒன்றும் வரவில்லை.

பன்னிரண்டு குடும்பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா, ஒட்டி ஒட்டிக் கட்டிய லயம். ஒரு சுவரில் சொன்னால் கடைசிச் சுவர்வரை கேட்கும். இன்னொரு கோடு விழுந்தால் இரண்டு பேரும் லயத்துக்குத் திரும்புவதில்லை என்று நேற்றே தீர்மானித்துவிட்டாள். எங்கே போவது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. யோசிக்க முடியவில்லை.

ஸல்மா குச்சியை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

மழை.

"ஒண்ணுதான். புள்ள இல்ல."

 விஜயலெட்சுமி நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

கம்சலா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அப்ப ஏன் மிஸ்ஸி நின்னுச்சு?" என்று தாய்தான் கேட்டாள்.

"நிக்கிறதுக்கு நூறு காரணம் இருக்கு. அதுல ஒண்ணுதான் புள்ள. நீங்கல்லாம் அந்த ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டு அடிக்கிறீங்க." மகளின் கையிலிருந்த தழும்பை ஸல்மா பார்த்துவிட்டிருந்தாள். "எந்திரி மகள், தராசுல ஏறு."

முள் முப்பத்து நாலில் நின்றது.

ஸல்மா அவளை இறக்கி, முள்ளைச் சரிபார்த்து, மறுபடியும் ஏற்றினாள். முப்பத்து நாலுதான்.

கீழிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை.

"ரத்தம் சோதிக்கணும், பதுளை ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தாறேன். ஆனா எனக்குப் படுறது வேற. ஒடம்புக்குத் தின்னக் கிடைக்கலேன்னா, அது உசிரைக் காப்பாத்துறதுக்கு மொதல்ல இதைத்தான் நிப்பாட்டும். வீட்டுல சாப்பாடு எப்பிடி?"

விஜயலெட்சுமிக்கு ரோசம் வந்தது. தரையிலிருந்து எழுந்தாள்.

"அதெல்லாம் கொறை வைக்கிறதில்லீங்க மிஸ்ஸி. நான் மலை ஏறிக் கொழுந்து எடுத்துட்டு வர்றதுக்குள்ள அவ ஆக்கி, சாப்பிட்டுட்டு, என் பங்கை மூடி வச்சிருவா. ஒரு நாளும் கொறைஞ்சதில்ல."

ஸல்மா பேனாவை மூடினாள். "அம்மா பங்கு மூடி இருக்கு. ஒன் பங்கு எங்க மகள்?" என்றாள் கம்சலாவிடம்.

கம்சலா தராசை விட்டு இறங்கவில்லை. முள்ளைப் பார்த்துக்கொண்டே, அடிவாங்கிய நாளுக்குப் பிறகு முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"மலை ஏறுறது அம்மாதானே மிஸ்ஸி."