பல் வெளுக்கும் நேரம்

வாயை முழுதாகத் திறந்துவைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார் ஜெய்னுலாப்தீன். மீமிசலில் எந்த விழா நடந்தாலும் மைக்கை முதலில் பிடித்துக் கடைசியில் விடுகிறவர். இப்போது அவரால் 'உம்' கொட்டக்கூட முடியவில்லை.

மாலையில் வர்த்தகர் சங்க மேடையில் அவருக்கு 'சேவைச் சிகரம்' என்று பட்டம் கொடுக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பெரிய பிளெக்ஸில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பிளெக்ஸ் அடித்தவன் பல்லையும் சேர்த்து வெளுத்துக் கொடுத்துவிட்டான். மேடையில் ஏறப்போவது அசல் பல் அல்லவா? அதற்குத்தான் இந்த அவசர வைத்தியம்.

உதடுகளை நாலாபக்கமும் இழுத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையம், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, பல் வரிசை முழுக்க வெளுக்கிற ஜெல். அந்தக் கிளினிக்கில் பல் சுத்தம் செய்யும் ஜாஸ்பின் எல்லாவற்றையும் பூசி முடித்து நீல விளக்கைத் திருப்பி வைத்தாள். "அசையாமப் படுங்க. ஈறுல எறங்குனா வெந்துரும்" என்று, எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து இன்சூரன்ஸ் ஏஜென்ட் லியோ கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஆவூர்க்காரர். ஜாஸ்பினுக்கும் அதே ஊர்தான். அவள் போனில் விசாரித்த பாலிசிக்காக, முதல்முறையாக மீமிசல் பக்கம் வந்திருக்கிறார்.

"டாக்டர் இருக்காராம்மா?"

ஜாஸ்பின் கொஞ்சம் யோசித்தாள். "இருக்காரு. இப்ப பேச முடியாது."

"நல்லதாப் போச்சு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார் லியோ.

பிறகு கதைகளை எடுத்து விட்டார். கருவி வழுக்கி நாக்கு கிழிந்தது, முன்பல் பெயர்ந்து மாப்பிள்ளையின் கல்யாணம் நின்றது, ஈறு வெந்து ஒருவர் கஞ்சியிலேயே காலம் தள்ளியது. எந்தக் கதையானாலும் கோர்ட்டில் போய்த்தான் முடிந்தது. கேட்கக் கேட்க நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டே போனார் ஜெய்னுலாப்தீன்.

"சரி, ஒங்க டாக்டரு பாலிசி போட்டிருப்பாருல்ல?"

"போட்டிருக்காருண்ணே. அது அவரு செய்யிற வேலைக்கு மட்டும். எங்களையும் சேத்துப் போடுங்கன்னு கேட்டேன். அழுக்கு சொரண்டுற வேலைக்கு என்னத்துக்கு இன்சூரன்ஸுன்னுட்டாரு."

போன மாதம் ஜெகதாப்பட்டினத்து ஜன்னத் பீவிக்குப் பல் சுத்தம் செய்தபோது பழைய அடைப்பு ஒன்று பெயர்ந்துவிட்டது. அந்தம்மாவின் மகன் வந்து சத்தம் போட, "அந்தப் பொண்ணைக் கேளுங்க" என்று கைகாட்டிவிட்டு டாக்டர் பின்வாசல் வழியாகக் கார் ஏறிவிட்டாராம். கேஸ் போடுவோம் என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். போட்டால் இந்த வேலை போகும், வேறு இடத்திலும் சேர்க்கமாட்டார்கள். இத்தனையையும் ஜாஸ்பின் நாற்காலிப் பக்கம் பார்க்காமலே சொல்லி முடித்தாள்.

"நடந்து முடிஞ்சதுக்கு பாலிசி வராதும்மா. இனிமே நடக்குறதுக்குத்தான்" என்றார் லியோ. ஊர்ப்பிள்ளை கலங்கி நிற்பதைப் பார்த்து அவருக்கு டாக்டர் மேல் ஆத்திரம் வந்தது. "வேலை ஒன்னோடது, போர்டு மட்டும் அவரோடதா? மனுசனா அந்தாளு?"

நாற்காலியிலிருந்து 'ஆ… ஆ…' என்று ஒரு சத்தம் வந்தது. லியோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாரு, வைத்தியத்துக்கு வந்த ஐயாவுக்கே பொறுக்கலை."

ஜெய்னுலாப்தீனுக்குப் பொறுக்காதது வேறு. ஏதோ சொல்ல வேண்டும் என்று தலையைத் தூக்கியதில் ஜெல் வழிந்து ஈறிலும் கீழுதட்டிலும் இறங்கியிருந்தது. வலி தாங்காமல் அவர் கையைத் தூக்கி ஆட்டிய பிறகுதான் ஜாஸ்பின் பார்த்தாள். ஓடிப்போய் வளையத்தைக் கழற்றி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாள்.

எழுந்து உட்கார்ந்தவரின் கீழுதடு பணியாரம் போல உப்பியிருந்தது. இந்த வாயை வைத்துக்கொண்டு மாலையில் மேடையேறினால் நன்றிகூடச் சொல்ல முடியாது. ஜாஸ்பின் அவசரமாகப் பஞ்சைத் தண்ணீரில் நனைத்தாள். பாலிசியில் இன்னும் அவள் கையெழுத்தே போடவில்லை.

லியோ நிலவரத்தைப் புரிந்துகொண்டார். இந்தப் பிள்ளையை எப்படியாவது காப்பாற்றியாக வேண்டும். ஜெய்னுலாப்தீனின் தோளில் உரிமையோடு கை வைத்தார்.

"ஐயா, இந்தப் பிள்ளை மேல கேஸ் போட்டு ஒங்களுக்கு ஒண்ணும் தேறாது. பாலிசி போட்டுத் தரமாட்டேன்னாரே அந்த டாக்டரு, அவரு மேல போடுங்க. விடாதீங்க. கோர்ட்டுக்கு நானே வந்து சாட்சி சொல்றேன்."

ஜெய்னுலாப்தீன் வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

ஈரப் பஞ்சை அவர் உதட்டில் ஒற்றியபடியே ஜாஸ்பின் மெதுவாகக் கேட்டாள்.

"போடுறீங்களா, டாக்டர்?"