பின்சீட்டு

“முப்பத்தொம்பதெல்லாம் ஒரு வயசா? நீ போய்ப் படி. தினமும் நான் கொண்டு விடுறேன்.”

“காலேஜ் புள்ளைங்க என்னைப் பாத்துச் சிரிக்கும்.”

“எவன் சிரிக்கிறான்னு வாசல்லயே நின்னு பாக்குறேன், போதுமா?”

இரண்டரை வருடங்களுக்கு முன், காப்பாரில் தங்கள் வீட்டு அடுப்படியில் கணவர் கமலநாதன் அப்படிச் சொன்னபோது புனிதா வாய்விட்டுச் சிரித்தாள்.

இன்று பிரிக்பீல்ட்ஸ் கல்லூரி வாசலில், மழைக்கு ஒதுங்கி நின்றபடி அந்தப் பேச்சை நினைத்தால் முகம் சுட்டது.

கைப்பைக்குள் பட்டமளிப்பு விழா படிவம் இருந்தது. வீட்டிலிருந்து இரண்டு பேர் வரலாம். முதல் கோட்டில் மகன் ஐங்கரன் பெயரை எழுதிவிட்டாள். இரண்டாவது கோடு ஒரு வாரமாகக் காலி.

கணவர் பெயரை எழுத அவளுக்குக் கை வரவில்லை.

எல்லாம் முதல் வாரத்தில் வந்த வினை. வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து தங்களைப் பற்றிச் சொன்னபோது, என் கணவர் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் என்று சொல்லிவிட்டாள். அதற்கு ஆறு மாதம் முன்புவரை அது உண்மைதான். அங்கே ஆட்களைக் குறைத்த பிறகு அவர் தன் காரைக் கிராப் டாக்சியாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, வழியெல்லாம் நோட்டைப் பரப்பிப் படிக்கலாம் என்று அந்தக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். இறங்கியதும் எதிரே நஸ்ரின். பத்தொன்பது வயது, வாய் ஓயாத பெண். வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, கிராப்லயா வந்தீங்க அக்கா என்று கேட்டாள்.

புனிதா “ம்” என்றாள்.

அந்த ஒரு ‘ம்’மை அவளால் பிறகு திரும்ப வாங்கவே முடியவில்லை.

அவருக்குக் கேட்டிருக்காது, கார் ஜன்னல் ஏற்றித்தான் இருந்தது என்று இத்தனை நாளும் நம்பினாள். அடுத்த வாரமே அவர், வாசலில் நிறுத்தினால் சம்மன் போடுகிறார்கள் என்று சொல்லி, சற்றுத் தள்ளி பஸ் நிற்கும் இடத்தில் இறக்கிவிட ஆரம்பித்தார். டாஷ்போர்டில் இருந்த குடும்பப் படம் ஒருநாள் காணாமல் போனது. ஏறுகிறவர்கள் கண்ணில் எதற்கு என்றார்.

அவளுக்கு அதெல்லாம் நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததை நினைத்தால்தான் வெட்கமாக இருந்தது.

படிக்க வேண்டும் என்ற சாக்கில், இத்தனை நாளும் அவள் முன்சீட்டில் உட்காரவே இல்லை.

மழைக்காக இன்று கார் வாசலுக்கே வந்து நின்றது. அவள் கதவைத் திறந்ததும் நஸ்ரின் தலையில் ஃபைலைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தாள். பந்தாய் டாலாம் வரைக்கும் என்னையும் ஏத்திக்குங்க லா அக்கா என்றவள், பதிலுக்குக் காத்திராமல் அவளுக்கு முன்பே பின்சீட்டில் ஏறிவிட்டாள்.

புனிதா அவள் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள். இப்போது அவர் வாயைத் திறந்தால் போதும். ஐங்கரன் போன் பண்ணினான் என்றாலே போதும்.

அவர் திரும்பவில்லை.

“பந்தாய் டாலாம் நிறுத்திட்டுப் போகலாமா, மேடம்?”

பதினாறு வருடக் குடித்தனத்தில் அவர் அவளை அப்படி அழைத்ததில்லை.

நஸ்ரின் முன்பக்கம் சாய்ந்து, எப்பவும் இவங்கள நீங்கதான் ஏத்துவீங்களா அங்கிள் என்றாள்.

“ஆமாம்மா, ரெகுலர் கஸ்டமர். மேடம் ஏறினா புக்குதான். அவங்க படிக்கிறாங்கன்னு நான் ரேடியோகூடப் போடுறதில்ல.”

குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. ரொம்ப நாளாகத் தயாராக வைத்திருந்த பதில் போல இருந்தது.

அந்த ‘ம்’ சொன்ன நாளின் மாலை அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. காலையில் அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பா பின்சீட்டில் அப்படியே இருந்தது. இப்பதான் பார்த்தேன் என்றார்.

இல்லை. நாளெல்லாம் ஆட்கள் ஏறி இறங்கிய சீட்டு அது; காலையிலேயே பார்த்திருக்கிறார். கூப்பிட்டுக் கொடுப்பதற்காக ஜன்னலை இறக்கியிருக்கிறார். அந்த ‘ம்’மைக் கேட்டுவிட்டு மறுபடி ஏற்றியிருக்கிறார்.

பந்தாய் டாலாமில் இறங்கும்போது நஸ்ரின், கான்வோ விழாவுக்காவது உங்க சூப்பர்வைசர் சாரைக் கண்ணுல காட்டுங்க அக்கா என்று சிரித்துவிட்டு மழைக்குள் ஓடினாள்.

கதவு சாத்திக்கொண்டது. வைப்பர் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

ஏங்க என்று ஆரம்பிக்கப் பார்த்தாள்.

அவர் வண்டியை எடுக்கவில்லை. மேலே இருந்த கண்ணாடியில் அவளைப் பார்க்கவும் இல்லை. ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“புனிதா, விழா அன்னிக்கு ஒருநாள் மட்டும் நானும் உள்ள வரட்டா? நீ சேர்ந்தப்பவே நல்ல சட்டை ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்.”