முன்சக்கரத்தின் முனகல்

ஒரு சின்னக் காருக்குச் சற்குணம் என்றொரு சொந்தக்காரர் இருந்தார். தனிக்கட்டை. வண்டியில் எங்காவது கீச்சென்றால் போதும், பழைய ரேடியோவை அணைத்துவிட்டுக் காதைக் கொடுப்பார். "என்னடா கண்ணு, எங்கே வலிக்குது?" என்பார். காருக்கு அந்த விசாரிப்பே போதும்.

வீட்டின் அமைதி பொறுக்கவில்லையோ என்னவோ, ஒருநாள் கதவுகளில் புது ஸ்பீக்கர்கள் வைத்தார். டிக்கியில், தாளத்தை அதிர அதிர முழக்கும் பெரிய ஊஃபர் ஒன்று வந்து உட்கார்ந்தது. அதற்கப்புறம் அவர் பாட்டைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை.

அந்த மாதமே முன்சக்கரத்து பேரிங் தேயத் தொடங்கியது. கார் முனகிப் பார்த்தது. அவர் சத்தத்தைக் கூட்டினார். உரக்க முனகியது. இன்னும் கூட்டினார்.

"அண்ணே, நீங்க வாயத் திறந்தா தெருவே திரும்பிப் பாக்குது," என்றது கார் ஊஃபரிடம். "சக்கரம் ரொம்ப நாள் தாங்காதுன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

ஊஃபர் சொன்னது:

"தொண்டைதான் தம்பி எனக்குப் பெரிசு. வர்ற பாட்டை முழங்கத் தெரியும். நானா அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல."

காருக்கு வேறு வழி தெரியவில்லை. நெடுஞ்சாலையில் ஏறியதும் பலத்தையெல்லாம் திரட்டி, உடம்பு முழுக்க நடுங்கிக் காட்டியது. சற்குணத்தின் கையில் ஸ்டீயரிங் அதிர்ந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"அடடா, என்னமா அதிருது!" என்றார், காலியாக இருந்த பக்கத்து இருக்கையைப் பார்த்து. "ஊஃபர்னா இப்படில்ல இருக்கணும்!"