பைப் வாயில் ஒரு வளையம்

அறுந்த ரப்பர் வளையத்தை மின்வாரிய லைன் இன்ஸ்பெக்டர் சுப்பராயலு, லூர்துமேரியின் உள்ளங்கையில் வைத்தார்.

"நேத்து புயல்ல உங்க வீட்டைக் காப்பாத்துனது இதாம்மா."

சோடா மூடி அகலம்தான் இருக்கும். ஒரு பக்கம் கத்தியால் அறுத்ததுபோல் ஆழமாக வெட்டுப்பட்டிருந்தது.

நேற்று சாயங்காலம் திண்டிவனத்தில் அடித்த காற்றில், பக்கத்துத் தோட்டத்துத் தென்னை மட்டை ஒன்று கம்பத்திலிருந்து அவள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் மேல் விழுந்து தொங்கியது. காற்று மட்டையை ஆட்ட ஆட்ட, வயர், அது வீட்டுக்குள் நுழையும் பைப்பின் வாய்க்குள் இழுபட்டுக்கொண்டே இருந்தது. கரண்டும் போகவில்லை.

இரும்பு பைப். அதை அடித்திருந்தது தகரச் சுவரில். அவளுடைய தையல் கடையும் வீடும் அந்த நான்கு தகரங்கள்தான்.

"இந்த வளையம் இல்லன்னா பைப்போட விளிம்பு வயரை அறுத்திருக்கும். சுவர் பூரா கரண்ட் ஏறியிருக்கும்."

லூர்துமேரி சுவரைப் பார்த்தாள். நேற்று அந்த ஈரத் தகரத்தில்தான் அவள் மகள் அமலி முதுகைச் சாய்த்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

தையல் மிஷினைப் பிடித்துக்கொண்டாள்.

இதே மனிதர்தான் மூன்று முறை கரண்ட் கொடுக்காமல் திரும்பிப் போனவர். முதல் முறை, பைப்பின் வளைவு வானத்தைப் பார்க்கிறது, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும் என்றார். இரண்டாம் முறை எர்த் கம்பி இல்லை என்றார். மூன்றாம் முறை, பைப் வாயில் வளையம் இல்லை என்றார். தீபாவளித் துணி தலைக்கு மேல் குவிந்து கிடந்த நேரம். சிம்னி விளக்கில் தைத்துத் தைத்துக் கண் எரிந்தது. கடைத்தெருவில் அந்த வளையத்தைத் தேடி வாங்கியபோது அவள் வாயில் வராத வசவு இல்லை.

"சார், எம் பொண்ண எனக்குத் திருப்பிக் குடுத்துட்டீங்க" என்றாள். அழுதபடியே கைகூப்பினாள்.

"அட, அழுவாதீங்க. வேலைதானம்மா இது."

புது வளையம் எடுக்கத் தோல் பையைத் திறந்தார். டைரிக்குள்ளிருந்து ஒரு தாள் பாதி வெளியே வந்தது. நீல மை. கோடு போட்ட நோட்டுத் தாள்.

அவளுடைய கையெழுத்து.

மூன்றாம் முறை அவர் திரும்பிப் போன அன்றே, விழுப்புரத்துப் பெரிய ஆபீசுக்கு அவள் எழுதிப் போட்ட புகார் மனு.

லூர்துமேரிக்கு உடம்பெல்லாம் கூசியது. "சார், அது வந்து... நான்..."

"வெளக்கம் கேட்டு எனக்கே அனுப்பினாங்க. பத்திரமா வெச்சிக்கினு இருக்கேன்" என்று தாளை எடுத்தார். கோபத்தைத் தேடி அவர் முகத்தைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே படித்தார்.

"வளைவு சரியில்லன்னு திருப்பினார், எர்த் இல்லன்னு திருப்பினார், வளையம் இல்லன்னு திருப்பினார். எல்லாம் நெசந்தானே? இருவது வருஷ சர்வீசுல, நான் வேலையை ஒழுங்கா பாக்குறேன்னு எழுதிக் குடுத்தது நீங்க ஒருத்தருதாம்மா."

அமலியும் எட்டிப் பார்த்தாள். அவளும் படிக்கட்டும் என்று தாளை நீட்டிக் காட்டினார்.

கடைசியில் லூர்துமேரி இன்னும் ஒரு வரி எழுதியிருந்தாள். லஞ்சம் வாங்கத்தான் இந்த ஆள் இப்படி அலையவிடுகிறார் என்று.

அந்த வரி தெரியாதபடி தாளின் அடிப்பக்கத்தைப் பின்னால் மடித்து, விரலால் அழுத்திப் பிடித்திருந்தார் சுப்பராயலு.