பதினாலுக்கு மேல் கூடாது

ஒரு கோல்ஃப் பையில் பதினைந்து மட்டைகள் இருந்தன. இனி பதினாலுக்கு மேல் கூடாது என்று மைதானத்தில் சட்டம் வந்தது.

"மணல்மட்டை போகட்டும். மாசத்துல ஒரு நாள்தானே அவனுக்கு வேலை" என்றது ஏழாம் நம்பர் மட்டை.

"பந்து மணல் குழியில விழுந்தா யாருய்யா எடுப்பீங்க?" என்று கேட்டது மணல்மட்டை.

குட்டை மட்டை வாயே திறக்கவில்லை. தன் பெயர் வராததே அதற்குப் போதும்.

மணல்மட்டை காயலான் கடைக்குப் போனது.

மறுநாள் பந்து மணலில் புதைந்தது. முதலாளி ஏழாம் நம்பரால் ஒன்பது தடவை அடித்தும் அது எழவில்லை. ஆத்திரத்தில் மட்டையை முழங்காலில் வைத்து முறித்தார்.

"ஓர் இடம் காலி. அவனை இன்னும் உருக்கியிருக்க மாட்டாங்க. முதலாளிகிட்ட சொல்லவா?" என்று கேட்டது பை.

"வேண்டாம்" என்றது குட்டை மட்டை. "நாளைக்கே பதிமூணுன்னு சட்டம் வந்தா?"